பதினேழாம் வருடத்துப் பட்டியல்

வாளையாரில் ஒரு ஆல்பத்தின் நீளம்
பதினோரு லாரி.
நிமிடக் கணக்கு அங்கே செல்லாது.
கோழித்தீவனம், டைல்ஸ், தக்காளி, மறுபடி தக்காளி
என்று வரிசை ஊர
என் காதில் ஒரு பாட்டு தீர்ந்து இன்னொன்று ஏறும்.

நான் இந்தப் பக்கம்:
ஃபாரம் நிரப்பும் கடை, ஒரு பிரிண்டர், கால் ஆடும் ஸ்டூல்.
ஷெரீனா அந்தப் பக்கம்:
வணிகவரி, கவுண்டர் நான்கு, சர்க்கார் மின்விசிறி.
எங்களுக்கு நடுவே ஒரு பென் டிரைவ்
நாளைக்கு இரண்டு தடவை எல்லை தாண்டும்.
என்ன சரக்கு, எவ்வளவு எடை என்று
அதை மட்டும் யாரும் கேட்டதில்லை.

ஜனவரியில் சால்ட் கோடவுன். கொச்சிப் பையன்கள்.
'ஈர மூட்டை' என்று ஆல்பம்.
பேஸ் கிடார் துறைமுகத்துக் கிரேன் மாதிரி
நின்ற இடத்திலேயே மெதுவாகத் திரும்பும்.
ஒன்பதாவது இடம் என்றேன்.
காது உண்டா உனக்கு, இரண்டாவது என்றாள்.

மார்ச்சில் டெபுட்டி மூன்ஸ்.
ஸ்காட்லாந்தோ எதுவோ, எப்போதும் மழை பெய்யும் ஊர்.
நாற்பது டிகிரியில்
கணவாய்க் காற்று கடைத் தார்ப்பாயை அறைந்துகொண்டிருக்க
அவர்கள் குளிரைப் பற்றியே முறையிட்டார்கள்.
வேர்வையோடு கேட்டேன்.
அவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது.

ஃப்யூஸ் கேரியர், வியாசர்பாடி:
மூன்று பேர், ஒரு ஆம்ப், மிச்சம் கோபம்.
மொத்தமே நாலு லாரி நீளம்.
நாமக்கல் கிளீனர் ஒருத்தன்
என் இயர்போனில் ஒரு காதைக் கடன் வாங்கிக் கேட்டுவிட்டு
"ரேடியேட்டர் கொதிக்கிற மாதிரி இருக்குண்ணே" என்றான்.
அந்த வருடத்தின் சரியான விமர்சனம் அதுதான்.

மே மாதம் பின்லாந்துக்காரி வந்தாள்.
பெயரைச் சொல்ல இரண்டு பேருக்கும் நாக்கு வளையாது;
பனியக்கா என்று வைத்துக்கொண்டோம்.
ஒரே கிடார். பின்னால்
யாரோ பாத்திரம் கழுவும் சத்தம்.
ஏழாவது பாட்டு
இரண்டு நிமிடம் பதினாலு வினாடியில் நின்றுவிடும்.
காப்பி ஆகும்போது கரண்ட் போயிருக்கலாம்.
மேலதிகாரி வந்திருக்கலாம், பிடுங்கியிருப்பாள்.
ஒரு சொல்லின் பாதியில்
வாய் திறந்தபடி
பனியக்கா நிற்பாள்.
அப்புறம் எட்டாவது பாட்டு.

ஜூன் முப்பது நள்ளிரவில் வரி மாறிற்று.
காலையில் லாரிகள் நிற்காமல் போயின.
அத்தனை வருடம் கெட்ட வார்த்தை வாங்கிய ரோடு
வெறிச்சென்று கிடந்தது,
ஹாரன்கூட இல்லாமல்.
டீக்கடை குஞ்ஞுமொய்து
மூன்று நாள் பாலைக் கீழே கொட்டினார்.
ஷெரீனாவைக் காசர்கோட்டுக்கு மாற்றினார்கள்.
பென் டிரைவ் அன்றைக்கு
என் பக்கம் நின்றிருந்தது.

அதற்குப் பிறகு வந்த ஆல்பங்களை
நிமிடத்தில்தான் கேட்டேன்.
நல்ல ஆல்பங்கள் என்கிறார்கள்.

டிசம்பரில் ஆளுக்கொரு பட்டியல் அனுப்பினோம்.
பத்தில் ஒன்றே ஒன்று பொருந்திற்று.

போன மாதம், கஞ்சிக்கோட்டில்
இப்போது கணக்கு எழுதும் இரும்புக் கம்பெனியில்,
மத்தியானச் சோற்றுக்கு நடுவே
அந்த ஏழாவது பாட்டு போனில் முழுதாகக் கிடைத்தது.
நாலு நிமிடம் ஐம்பது.
பனியக்கா சொல்லை முடித்தாள்.
மொழி தெரியாது.
முடிந்தது என்பது மட்டும் தெரிந்தது.
பிறகு ஒரு வயலின் வந்தது, பிறகு இன்னும் நாலு வயலின்.
கை காய்ந்துபோகும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஷெரீனாவுக்கு அனுப்பினேன்.
ராத்திரி பதில் வந்தது:
"இது ஆ பாட்டல்ல."

அதனால் பட்டியலைத் திருத்தியிருக்கிறேன்.
முதலிடம்: ஏழாவது பாட்டு நின்றுபோகும் அந்த ஆல்பம்,
எங்கள் பிரதி மட்டும்.
சால்ட் கோடவுனை ஐந்துக்கு ஏற்றியாயிற்று.
அதற்கு மேல் முடியாது, ஷெரீனா.